குல்போ ஆற்றுக் கூண்டுகள்

என் கணவர் தோர்க்னிக்குப் பொய் சொல்ல வராது என்று ஊரில் பெயர். உண்மைதான், வராது. வராததால்தான் அந்தக் கோடையில் அவர் சொன்ன ஒரே பொய்யை நான் மூன்றாவது வாரமே கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்த பிறகு ஐந்து வாரம் நானும் வாயைத் திறக்கவில்லை. ஆகவே இது அவருடைய கதை மட்டும் என்று சொல்லிவிட முடியாது.

எங்கள் ஊர் குல்போ. ஊரை ஒட்டி ஓடும் ஆற்றுக்கும் அதே பெயர். அதன் கல்லிடுக்குகளில் நாட்டுச் சிங்கி இருந்தது. கடலில் பிடிக்கிற சிங்கி இறாலை விரல் நீளத்துக்குச் சுருக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. கறுப்பு உடம்பு, முன்னால் இரண்டு கொடுக்கு. ஆகஸ்டில் நாலு நாள் மட்டும் பிடிக்க அனுமதி. உப்பும் சதகுப்பைக் கதிரும் கொஞ்சம் பீரும் போட்டு வேகவைத்து, ஆறவைத்து, தலையில் காகிதத் தொப்பியோடு உட்கார்ந்து உறிஞ்சித் தின்போம். பாட்டும் பாடுவோம். மற்ற நாட்களில் எங்கள் ஊரில் யாரும் பாடிக் கேட்டதில்லை.

அமெரிக்கச் சிங்கி வேறு. கொடுக்கு மடங்கும் இடத்தில் வெள்ளையாக ஒரு பொட்டு இருக்கும். வேகமாக வளரும், நிறையக் குஞ்சு பொரிக்கும். ஐம்பது அறுபது வருஷத்துக்கு முன்னால் பெரிய மனிதர்கள் யோசித்து இந்த நாட்டு ஏரிகளில் கொண்டுவந்து விட்டார்கள். அதன் உடம்பில் ஒரு பூஞ்சைநோய் தங்கியிருக்கிறது. அதற்கு ஒன்றும் ஆகாது. அது கிடந்த தண்ணீரில் ஒரு சொட்டு பட்டாலும் நாட்டுச் சிங்கி செத்துப்போகும். ஒன்றிரண்டு இல்லை, ஆறு முழுக்க.

அந்தக் கோடைக்கு மூன்று வருஷம் முன்னால், எங்களுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் கீழே, நெடுஞ்சாலைப் பாலத்தடியில் அமெரிக்கச் சிங்கி பிடிபட்டது. மாவட்ட அலுவலகத்திலிருந்து ஹில்லெவி என்ற பெண் வந்தாள். முப்பத்திநாலு வயது, பதினாலு ஆறுகளுக்கு அவள் ஒருத்திதான். ஆலை அணைக்குக் கீழே ஐந்து கம்பிக்கூண்டுகளைத் தண்ணீரில் இறக்கி, ஒவ்வொன்றிலும் நாலு நாட்டுச் சிங்கியை விட்டாள். நோய் மேலே ஏறி வந்தால் முதலில் கூண்டில் இருப்பது சாகும், நமக்குத் தெரிந்துவிடும் என்பது கணக்கு. வாரத்துக்கு ஒருமுறை, திங்கட்கிழமை, கூண்டைத் தூக்கிப் பார்த்துப் படிவத்தில் குறிக்க ஒரு ஆள் வேண்டும். தோர்க்னியை விட்டால் வேறு யார்?

அவர் மரஅறுவை ஆலையில் ரம்பம் தீட்டுகிறவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் மீன்பிடிச் சங்கத்தின் தலைவராக இருபத்திரண்டு வருஷம். அந்த இருபத்திரண்டு வருஷமும் ஆற்றோரத்தில் அவரை யாருக்கும் பிடிக்காது. வெளியூர் வலையைத் தண்ணீரில் இறக்க விடமாட்டார். பூட்ஸ் காய்ந்திருக்கிறதா என்று குனிந்து தொட்டுப் பார்ப்பார். ஒருமுறை கல்யாண ஜோடி ஒன்று போட்டோ எடுக்கப் படகோடு வந்தது. படகு வேறு ஏரியில் இருந்து வந்தது என்று தெரிந்ததும் திருப்பி அனுப்பிவிட்டார். மணப்பெண் அழுதாள். அவர் அவளுக்குக் கைக்குட்டை கொடுத்தார், வழி கொடுக்கவில்லை.

அவரை எதிர்த்துப் பேசுகிற ஒரே ஆள் எங்கள் பக்கத்து வீட்டு சிக்ஸ்தன். மண்வெட்டும் இயந்திரம் ஓட்டியவன், தோர்க்னியோடு ஒரே பெஞ்சில் படித்தவன். வருஷாந்திரக் கூட்டத்தில் ஒவ்வொரு வருஷமும் எழுந்து ஒரே பேச்சைப் பேசுவான். நாட்டுச் சிங்கி எப்படியும் சாகப்போகிறது, அமெரிக்கனை நாமே கொண்டுவந்து விட்டுவிட்டால் வருஷம் முழுக்கத் தின்னலாம், இவன் ஆற்றுக்குப் பாதிரியார் மாதிரி நடந்துகொள்கிறான் என்பான். தோர்க்னி எழுந்து, அது சட்டவிரோதம் என்று மட்டும் சொல்லி உட்காருவார். பிறகு காபி வரும்.

ஜூன் முதல் வாரம் ஹில்லெவி அந்த வருஷத்துக்கான சிங்கிகளைக் கூண்டில் விட்டுவிட்டுப் போனாள். ஜூன் இருபத்திமூன்று திங்கட்கிழமை, கீழ்க்கோடியில் இருந்த முதல் கூண்டில் நாலும் மல்லாந்து கிடந்தன. இதை நான் பிறகுதான் கேள்விப்பட்டேன். அன்று அவர் வீட்டுக்கு வந்து, கூண்டெல்லாம் நலம் என்று சொல்லி, உருளைக்கிழங்கும் ஊறுகாய் மீனும் சாப்பிட்டார்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால், காட்டுக்குள், அவருடைய அப்பா காலத்துக் கல்குவாரி ஒன்று மழைத்தண்ணீர் நிறைந்து குட்டையாகக் கிடக்கிறது. கல்லுக்குழி என்போம். அதற்குள் எந்த ஓடையும் வருவதில்லை, அதிலிருந்து எதுவும் போவதும் இல்லை. நாற்பது வருஷத்துக்கு முன்னால் அப்பாவும் மகனுமாக முப்பது நாட்டுச் சிங்கியை அதில் விட்டார்கள். அவை தம் பாட்டுக்குப் பெருகிக்கொண்டிருந்தன. தோர்க்னி அன்று அங்கே போய் நாலைப் பிடித்து, முதல் கூண்டில் விட்டு, படிவத்தில் 'உயிருடன்: 4' என்று எழுதினார். வெயில் அதிகம், கூண்டு கரையோரம் இருந்துவிட்டது, அதனால் செத்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாராம்.

அடுத்த வாரம் அந்த நாலும் செத்துவிட்டன. இரண்டாவது கூண்டில் மூன்று செத்திருந்தன. அவர் திரும்பவும் கல்லுக்குழிக்குப் போனார்.

நான் கண்டுபிடித்தது பூட்ஸால். சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் இருவரும் நீராவிக் குளியல் எடுப்பது வழக்கம். ஜூலை இரண்டாவது சனிக்கிழமை துண்டோடு குளியல் அறைக்குள் போனேன். மேல்பலகையில் அவருடைய ரப்பர் பூட்ஸ் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு வாளி, கயிறு, கைவலை. அந்தச் சூட்டில் பூஞ்சை செத்துப்போகும். நான் கீழ்ப்பலகையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இதெல்லாம் எவ்வளவு நேரம் இருக்கும்?" என்று கேட்டேன்.

"இன்னும் இருபது நிமிஷம்."

"ஆறு நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் எதுக்கு?"

"பழக்கம்," என்றார்.

நான் முப்பது வருஷம் மாவட்ட ஆஸ்பத்திரியில் அறுவைசிகிச்சைக் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் பிரிவில் வேலை பார்த்தவள். பழக்கத்தில் சுத்தம் செய்கிறவரையும் பயத்தில் சுத்தம் செய்கிறவரையும் பார்த்தால் எனக்குத் தெரியும். பழக்கத்தில் செய்கிறவர் கடிகாரத்தைக்கூடப் பார்க்க மாட்டார், கை தானாக நடக்கும். பயத்தில் செய்கிறவர் துடைத்ததையே திரும்பத் துடைப்பார். தோர்க்னி வெப்பமானியை நாலு தடவை பார்த்தார். பிறகு எழுந்து, வாளியின் கைப்பிடியை ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்தார். வாளி எண்பது டிகிரியில் அரைமணி நேரமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து, போன வருஷத்து அவுரிநெல்லிப் பழம் தேடி ஃப்ரீசரைக் கிளறினேன். அடியில் மூன்று ஐஸ்கிரீம் டப்பாக்கள். ஐஸ்கிரீம் நாங்கள் வாங்குவதில்லை. மூடியில் வெள்ளை டேப் ஒட்டி, ஆலையில் ரம்பங்களுக்கு எண் எழுதுவாரே, அதே எழுத்தில்: 'கூண்டு 1. ஜூன் 23. நாலு.' அடுத்தது, 'கூண்டு 1, நாலு. கூண்டு 2, மூணு. ஜூன் 30.' மூன்றாவதைப் படிக்கவில்லை. ஊரை ஏமாற்ற வேண்டும் என்று நினைக்கிற மனிதர் பிணங்களுக்குத் தேதி போட்டு வைப்பாரா? இவர் வைப்பார்.

பழத்தை எடுத்துக்கொண்டு மூடினேன். பழத்தை மாவில் வைத்து கேக் மாதிரிச் சுட்டேன். அவர் இரண்டு துண்டு சாப்பிட்டார், நன்றாக இருக்கிறது என்றார்.

ஏன் அப்போதே கேட்கவில்லை என்று பிறகு ஹில்லெவி என்னிடம் கேட்டாள். அவராகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன் என்றேன். அது பாதி. ஆறு செத்துவிட்டது என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அப்புறம் அது செத்ததாகிவிடும். அதை எங்கள் சமையலறையில், என் காதில் சொல்ல வேண்டாமே என்று எனக்கும் இருந்தது. இது மீதி.

ஒவ்வொரு வியாழக்கிழமையும் நான் டவுனுக்கு நீச்சல்குளத்துக்குப் போவேன், முதுகுவலிக்காகத் தண்ணீரில் உடற்பயிற்சி. அந்த நேரத்தில் அவர் கல்லுக்குழிக்குப் போய்வருவார். நான் திரும்பி வரும்போது பட்டாணி சூப் சூடாக இருக்கும், அவருடைய தலைமுடி ஈரமாக இருக்கும். இரண்டு பேரும் சூப் குடிப்போம். குளத்தில் கூட்டமா என்று கேட்பார். சுமார் என்பேன்.

ஜூலை கடைசியில் சங்கக் கமிட்டி கூடியது. நானும் போயிருந்தேன், காபி என் பொறுப்பு. தோர்க்னி எழுந்து, இந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் குறைவாக இருப்பதால் சிங்கி பிடிப்பதை நிறுத்தி ஆற்றுக்கு ஓய்வு கொடுக்கலாம் என்று முன்மொழிந்தார். அவருக்கு வேறு வழி இல்லை. பொறி வைத்தால் எல்லாம் வெறும் பொறியாக மேலே வரும்.

சிக்ஸ்தன் உட்கார்ந்தபடியே கேட்டான். "தண்ணி குறைவா? நேத்து என் நாய் அதுல நீஞ்சிட்டு வந்துச்சு."

"நாய் குட்டையா இருக்கு," என்றார் தோர்க்னி.

"டேய், அது லாப்ரடார்டா."

எல்லோரும் கையைத் தூக்கினார்கள். இருபத்திரண்டு வருஷமாக அவர் சொன்னதற்குக் கை தூக்கிப் பழகியவர்கள். சிக்ஸ்தனும் தூக்கினான். ஆனால் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

படகுத்துறையில் அலுவலகம் மாட்டச் சொன்ன பலகை ஒன்று உண்டு. கூண்டு நலமாக இருக்கும் வரை பச்சைப் பலகை: 'ஆறு நோயற்றது.' நோய் வந்தால் சிவப்பு. பச்சை இருந்தால் யாரும் படகையோ வலையையோ ஆற்றிலிருந்து வேறு தண்ணீருக்கு எடுத்துப் போகலாம். கோடை முகாமுக்கு வருகிறவர்கள் ஆற்றில் துடுப்புப் படகு விட்டுவிட்டு, காட்டு வழியாகத் தூக்கிக்கொண்டு மேலே லுன்னன் ஏரிக்குப் போவார்கள். லுன்னனிலும் நாட்டுச் சிங்கிதான்.

தோர்க்னி திங்கட்கிழமை படிவத்தை நிரப்பிவிட்டு, மற்ற எல்லா நாளும் காலையில் அந்தப் பச்சைப் பலகைக்குக் கீழே ஒரு வாளி ஸ்பிரிட் கரைசலோடு நின்றார். படகைத் துடைத்துவிட்டுத் தூக்கிப் போங்கள் என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சினார். பாதிப்பேர் துடைத்தார்கள். மீதிப்பேர் அவருடைய தலைக்கு மேலே இருந்த பலகையைக் காட்டிவிட்டுப் போனார்கள். அதை மாட்டியது அவர்தான்.

ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி ஹில்லெவி வந்தாள். அவள் வருவதை முந்தின வாரமே தெரிவித்திருந்தாள். இடைக்காலச் சோதனை, எல்லா ஆற்றுக்கும் உண்டு. இடுப்புவரை ரப்பர் உடுப்பு மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி ஒவ்வொரு கூண்டாகத் தூக்கினாள். எல்லாவற்றிலும் நாலு, எல்லாம் உயிரோடு. முந்தின நாள்தான் தோர்க்னி புதிதாகப் போட்டது. நான் கரையில் காபி குடுவையோடு நின்றேன். நாலாவது கூண்டில் அவள் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் திருப்பி வயிற்றைப் பார்த்தாள். பிறகு மெழுகுத்துணி உறைக்குள் இருந்து ஜூன் மாதத்துத் தாளை எடுத்தாள்.

"இந்தக் கூண்டுல ஜூன்ல ரெண்டு ஆணும் ரெண்டு பெண்ணும் வச்சேன்," என்றாள்.

"ம்."

"இப்ப நாலும் பெண்ணா இருக்கு."

தோர்க்னி கொஞ்சம் யோசித்தார். "கோடை இந்தத் தடவை நீளம்," என்றார்.

ஹில்லெவி அதையும் எழுதிக்கொள்வாள் போலத் தோன்றியது. "நீளமும் குறைஞ்சிருக்கு," என்றாள். "ஒவ்வொண்ணும் ரெண்டு சென்டிமீட்டர்."

படிவத்தில் ஆண், பெண் என்று ஒரு கட்டம் இருப்பது தோர்க்னிக்குத் தெரியும். அது அலுவலகத்துக்கான கட்டம் என்று எட்டு வாரமாக அதை வெறுமையாகவே விட்டிருக்கிறார். தான் பார்க்காத கட்டத்தை வேறு யாரும் பார்ப்பார்கள் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அவள் கரைக்கு வந்தாள். கோபமாக இருந்தாளா என்று தெரியவில்லை, உதடுகள் குளிரில் நீலமாக இருந்தன. நான் காபி ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, இந்தப் பக்கத்தில் வேறு எங்காவது நாட்டுச் சிங்கி உண்டா என்று பொதுவாகக் கேட்டாள். தோர்க்னி அக்கரையைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை, பிர்ச் மரங்கள்தான்.

"எங்க வீட்டுக்குப் பின்னாடி ஒரு கல்லுக்குழி இருக்கும்மா," என்றேன் நான். "செத்ததெல்லாம் ஃப்ரீசர்ல இருக்கு."

தோர்க்னி என் பக்கம் திரும்பினார். நாற்பத்தோரு வருஷத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. கோபம் இல்லை. ரொம்ப நேரம் கனமான ஒன்றைத் தூக்கிக்கொண்டு நின்றவரிடம், கீழே வையுங்கள் என்று யாரோ சொன்னதுபோல இருந்தது முகம்.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றார்.

"பூட்ஸ்."

தலையாட்டினார்.

சமையலறை மேஜையில் ஏழு ஐஸ்கிரீம் டப்பாக்களை வரிசையாக வைத்தோம். அறுபத்தோரு சிங்கி. தேதி, கூண்டு எண், அன்றைய தண்ணீரின் வெப்பம்கூட எழுதியிருந்தார். ஹில்லெவி ஒவ்வொரு மூடியாகப் படித்தாள்.

"எங்க ஆபீஸ்ல யாரும் இவ்வளவு ஒழுங்கா லேபிள் ஒட்டினதில்ல," என்றாள். குரல் பாராட்டுவதாக இல்லை. "எட்டு வாரம், தோர்க்னி. அந்த எட்டு வாரமும் அந்தப் பலகை பச்சையா இருந்துச்சு."

"தெரியும்."

"எதுக்குங்க?"

அந்த முதல் திங்கட்கிழமை, கரையில் உட்கார்ந்து படிவத்தில் 'இறந்தவை: 4' என்று எழுதத்தான் பேனாவை எடுத்ததாகச் சொன்னார். எழுதினால் மறுநாள் சிவப்புப் பலகை வரும். சிக்ஸ்தன் வேலிப்பக்கம் வந்து, அப்பவே சொன்னேனேடா என்பான். அந்த ஒரு வாக்கியத்தை அன்றைக்குக் கேட்க முடியாது, அடுத்த வாரம் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாராம். அடுத்த வாரமும் முடியவில்லை.

"அந்த ஒரு வாக்கியத்துக்காகவா?" என்றாள் ஹில்லெவி.

"ஆமாம்மா."

அவள் டப்பாக்களைக் குளிர்பெட்டியில் அடுக்கி எடுத்துப் போனாள்.

சோதனை முடிவு பத்து நாளில் வந்தது, எல்லோரும் எதிர்பார்த்ததுதான். வழக்கு எதுவும் போடவில்லை. கூண்டுப் பொறுப்பிலிருந்து நீக்கி ஒரு கடிதம் வந்தது. சங்கத் தலைமையை அவரே விட்டுவிட்டார். சிவப்புப் பலகையை மாட்ட அலுவலகத்திலிருந்து ஆள் வருவதாகச் சொன்னார்கள். தோர்க்னி அதற்குள் ரசமட்டத்தோடு போய், கோணாமல் மாட்டிவிட்டு வந்தார். நல்ல காலம் ஒன்றே ஒன்றுதான்: கல்லுக்குழி சுத்தமாக இருந்தது. மிச்சமிருந்தவை முப்பத்தேழு. நோயைத் தினமும் தொட்ட கையோடு வாராவாரம் அங்கே போய்வந்திருக்கிறார், ஒரு சொட்டுக்கூடக் கொண்டுபோகவில்லை. ஹில்லெவி அதை நம்பாமல் இரண்டு முறை சோதித்தாள்.

செப்டம்பர் நடுவில் லுன்னன் ஏரியில் சிங்கிகள் பட்டப்பகலில் கரையேறி, கால்நுனியில் நின்று தள்ளாடி மல்லாந்து விழுந்தன. முகாமுக்கு வந்த ஒரு குடும்பம் அதை வேடிக்கை என்று வீடியோ எடுத்தது.

தோர்க்னி ஹில்லெவிக்குப் போன் செய்தார். நான் பக்கத்தில் இருந்தேன், ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"என்னாலயா?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க," என்றாள். "நீங்க மொத வாரமே சொல்லியிருந்தாலும் அதுக்கு முன்னாடியே போயிருக்கலாம். ஒரு நீர்க்கீரி கொண்டுபோயிருக்கலாம். ஆகஸ்ட்ல ஒரு படகு கொண்டுபோயிருக்கலாம்."

"கண்டுபிடிக்க வழி இல்லையா?"

"இல்ல."

ஆமாம் என்று அவள் சொல்லியிருந்தால் அவருக்கு அது சுலபமாக இருந்திருக்கும். அன்று மத்தியானம் எங்கள் இருவருக்கும் உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தார். நான் துணி காயப்போட்டுவிட்டு வந்து பார்த்தபோது சாக்கில் முக்கால்வாசியை உரித்திருந்தார். அந்த வாரம் முழுக்க உருளைக்கிழங்கு சாப்பிட்டோம். நான் அவரைத் தேற்றவில்லை. எனக்கும் ஐந்து வாரம் இருந்தது. யார் யாரைத் தேற்றுவது?

இதற்குள் அவர் ஒன்றுக்காகக் காத்திருந்தார். சிக்ஸ்தன் வரவில்லை. வேலிப்பக்கம் அவன் தலை தெரியும்போதெல்லாம் தோர்க்னி கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நிற்பார். அவன் இலையை வாருவான், நாயைக் கூப்பிடுவான், உள்ளே போய்விடுவான். ஒரு மாதம் இப்படியே போனது. அக்டோபரில் ஒருநாள் தோர்க்னி கோட்டைப் போட்டுக்கொண்டு, வா போகலாம் என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

சிக்ஸ்தன் தன் கொட்டகையில் விறகை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"சொல்லு," என்றார் தோர்க்னி.

"என்னத்தைச் சொல்ல?"

"இருபத்திரண்டு வருஷமா சொல்லக் காத்துக்கிட்டிருக்கியே, அத."

சிக்ஸ்தன் ஒரு கட்டையை வைத்தான், அது சரியாக உட்காரவில்லை, திருப்பி வைத்தான். "நாய் விஷயத்துலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு," என்றான். "லாப்ரடார் குட்டையா இருக்குன்னு நீ சொன்னப்பவே. உனக்குப் பொய் சொல்ல வராதுடா. கூட்டத்துல அத்தனை பேருக்கு முன்னாடி எழுந்து கேட்டிருக்கலாம். கை தூக்கிட்டு வந்துட்டேன்."

"ஏன்?"

"உன் மூஞ்சி நல்லா இல்ல."

தோர்க்னி நின்றுகொண்டே இருந்தார். "இருந்தாலும் சொல்லு," என்றார். "கேட்டுட்டுப் போயிடறேன்."

"போடா," என்றான் சிக்ஸ்தன். என் பக்கம் திரும்பினான். "மாய்கென், இவனைக் கூட்டிட்டுப் போ. இல்லன்னா விறகு அடுக்கச் சொல்லு."

தோர்க்னி கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். இரண்டு பேரும் இருட்டும்வரை விறகு அடுக்கினார்கள். ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை, அடுக்குவது எப்படி என்பதைத் தவிர. தோர்க்னி பட்டை மேலே இருக்க வேண்டும் என்றார், சிக்ஸ்தன் கீழே என்றான்.

குளிர்காலத்தில் அலுவலகம் கல்லுக்குழியைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்தது. சுற்றிக் கயிறு கட்டினார்கள். உள்ளே போக ஒரே ஒருவருக்கு அனுமதி. கிருமிநீக்கத்தில் முப்பது வருஷ அனுபவம் என்று என் பெயரை எழுதிக்கொண்டார்கள். ஆற்றுத்தண்ணீரில் கால் வைத்தவர் என்பதால் தோர்க்னிக்குத் தன் அப்பா விட்டுப்போன குட்டையின் பக்கம் போக அனுமதி இல்லை. கடிதத்தில் 'பத்து மீட்டருக்குள்' என்று இருந்தது. அவர் டேப் பிடித்து அளந்து, பத்து மீட்டரில் ஒரு கல்லைப் போட்டு, அதில் உட்கார்ந்துகொள்வார். நான் உள்ளே போய் எண்ணிவிட்டு வந்து சொல்வேன். ஆண் எத்தனை, பெண் எத்தனை என்றும் கேட்பார்.

ஆறு இரண்டு வருஷம் வெறுமையாக இருந்தது. சிக்ஸ்தன் ஆசைப்பட்ட மாதிரி அமெரிக்கனைக் கொண்டுவந்து விட யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை. அமெரிக்கன் அனுமதிக்குக் காத்திருக்கவும் இல்லை. போன ஆகஸ்டில் ஆலை அணையடியில் சிக்ஸ்தன் வைத்த பொறியில் பத்தொன்பது வந்தன. விரல்நீளக் கொடுக்கு, அதில் வெள்ளைப் பொட்டு. உயிரோடு எங்கும் எடுத்துப்போகக் கூடாது என்பதால் அங்கேயே அடுப்பு மூட்டி வேகவைத்தான். எங்களையும் கூப்பிட்டான்.

தோர்க்னி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். காகிதத் தொப்பியைக் கொடுத்தேன், வைத்துக்கொண்டார். பாட்டின் முதல் அடியை யாரும் தொடங்காததால் அவரே தொடங்கினார், சுருதி கொஞ்சம் கீழே. பிறகு நாங்கள் மூன்று பேரும் ஆற்றங்கரையில் முக்காலிகளில் உட்கார்ந்து தின்றோம்.

"எப்படிடா இருக்கு?" என்று கேட்டான் சிக்ஸ்தன்.

தோர்க்னி ஒரு கொடுக்கை உடைத்து, உள்ளே இருந்ததை உறிஞ்சி, கொஞ்ச நேரம் மென்றார். "சதை ஜாஸ்தி," என்றார்.

சிக்ஸ்தன் தலையாட்டினான். இருபத்திரண்டு வருஷம் கேட்டவன் மூன்றே மூன்று தின்றான். மீதியை எங்கள் பக்கம் தள்ளிவிட்டு, தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். தோர்க்னி ஒன்பது தின்றார். ஒவ்வொன்றின் ஓட்டையும் தட்டின் விளிம்பில் ஒழுங்காக அடுக்கினார். நான் ஏழு தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. நான் அதைச் சொல்லவும் செய்தேன், அவர்கள் இரண்டு பேரும் கேட்காத மாதிரி இருந்துவிட்டார்கள்.